ஒரே எரிச்சல், மூன்று நோயாளிகள்

கேரளத்தின் தமிழ் எல்லையில் 'கேஸ்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. அதிகமாக வலிப்பவருக்குப் புண் இல்லாமல் இருக்கலாம். வலியே குறைந்துபோனவருக்கு ஆபத்து இருக்கலாம்.

விடிவதற்கு முன்பே கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடுகின்றன. கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி என்று மூன்று வழிகளிலும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் மதியச் சோறு உள்ள தூக்குவாளி. வயிற்றில் ஒரு டம்ளர் டீ மட்டும். இடுக்கியின் ஏலத் தோட்டங்களில் காய் எடுப்பு என்பது செடியின் தூரில் நடக்கிற வேலை. நாள் முழுக்கக் குனிந்தோ குந்தியோதான் செய்ய வேண்டும். சாப்பிட்ட கையோடு மறுபடி குனிந்தால் புளித்த நீர் தொண்டைக்கு ஏறும். மாலையில் ஜீப் இறங்கியதும் மருந்துக் கடையில் ஒரு வேண்டுகோள்: "கேஸுக்கு ஒரு மாத்திரை குடுங்கண்ணே."

வடக்கே பாலக்காட்டுப் பக்கமும் இதே கதைதான். கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எல்லையோரத்தில் தமிழ் பேசும் ஊர்கள். கடையில் சொல்லப்படும் வார்த்தையும் அதேதான். 1956ல் மொழிவாரி மாநிலங்கள் உருவானபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. நிலம் பிரிந்தது. வயிற்றுக்கு மட்டும் இரு மாநிலங்களிலும் ஒரே அகராதி. தமிழில் நெஞ்செரிச்சல், மலையாளத்தில் நெஞ்செரிச்சில். இங்கே எதுக்களிப்பு, அங்கே புளிச்சு திகட்டல். எல்லாவற்றுக்கும் பொதுவாக, இரண்டு மொழிகளிலும், 'கேஸ்'.

சிக்கல் அந்தப் பொதுச் சொல்லில்தான் தொடங்குகிறது. வயிறு உப்புவது, ஏப்பம், மேல்வயிற்று வலி, நெஞ்சில் எரிச்சல், சில சமயம் மாரடைப்பு, எல்லாமே அதற்குள் அடங்கிவிடுகின்றன. மருத்துவ உலகம் இதைப் பிரிக்கப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது. 2006ல் 18 நாடுகளைச் சேர்ந்த 44 நிபுணர்கள் 'மான்ட்ரியல் வரையறை' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இரைப்பையில் உள்ளது மேலேறி வந்து, தொல்லை தரும் அறிகுறிகளையோ சிக்கல்களையோ உண்டாக்கினால்தான் அது அமில எதுக்களிப்பு நோய் என்றார்கள். அதற்குள்ளும் வெவ்வேறு வகைகள் உண்டு என்பதையும் ஒப்புக்கொண்டார்கள்.

கதவு எங்கே பழுதாகிறது?

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்ளும் கதவு அது. உதரவிதானத் தசை வெளியிலிருந்து அதற்கு முட்டுக் கொடுக்கிறது. இந்தக் கதவு அவ்வப்போது காரணமில்லாமல் தளர்வது எல்லோருக்கும் நடப்பதுதான். வயிறு நிரம்பியிருக்கும்போது அதிகம் தளரும். தொப்பை உள்ளிருந்து அழுத்தும்போதும், சாப்பிட்டதும் குனியும்போதும், உடனே படுக்கும்போதும் அமிலம் மேலேறுகிறது. கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றமே கதவைத் தளர்த்தும். ரத்த அழுத்தத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் தரும் சில மாத்திரைகளும் அப்படியே. இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத்தின் துளை வழியே மார்புக்குள் நழுவியிருந்தால் முட்டும் போய்விடுகிறது. இதை ஹயாட்டஸ் ஹெர்னியா என்கிறார்கள்.

ஆகவே பலருடைய பிரச்னை அமிலம் அதிகமாகச் சுரப்பது அல்ல. சுரக்கும் அமிலம் போகக் கூடாத இடத்துக்குப் போவதுதான். இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்கும் பூச்சு உண்டு. உணவுக்குழாய்க்கு அந்த வசதி இல்லை.

மூன்று பேர், மூன்று சித்திரங்கள்

எல்லைப்பகுதி வாழ்க்கையிலிருந்து மூன்று பேரைக் கற்பனை செய்துகொள்வோம். பெயரில்லாத இந்த மூவரும் மருத்துவ நூல்கள் விவரிக்கும் மூன்று வகை நோயாளிகளின் பிரதிநிதிகள்.

முதலாமவர் 35 வயது ஏலத் தோட்டத் தொழிலாளி. ஒல்லியான உடல். புகை, மது எதுவும் இல்லை. ஆனால் எரிச்சல் தாங்க முடியவில்லை. கூடவே வயிற்று உப்புசம், சில நாள் மலச்சிக்கல், சரியாகத் தூங்காத இரவுகள். கடன் வாங்கித் தேனிக்குப் போய் எண்டோஸ்கோப்பி எடுத்தால், "குழாய் சுத்தமா இருக்கு, ஒண்ணுமில்லே" என்ற பதில். வீட்டில் இருப்பவர்கள் அவர் நடிப்பதாக நினைக்கிறார்கள்.

அவர் நடிக்கவில்லை. எதுக்களிப்பு அறிகுறிகளோடு வருபவர்களில் பெரும்பான்மையோருக்கு எண்டோஸ்கோப்பியில் புண் தெரிவதில்லை. இது 'புண்ணில்லா எதுக்களிப்பு'. இந்த வகையில் பெண்கள் அதிகம். வயது குறைவு, உடல் எடை குறைவு, ஹயாட்டஸ் ஹெர்னியாவும் குறைவு. அஜீரணமும் குடல் எரிச்சல் நோயும் கூடவே இருப்பது சகஜம். கவலையும் மன அழுத்தமும் இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. புண் இல்லாததால் வேதனை குறைவு என்று நினைத்தால் தவறு. பல ஆய்வுகளில் இவர்களின் துன்பம் புண் உள்ளவர்களின் துன்பத்துக்குச் சமமாகவே இருக்கிறது. அமில மாத்திரை மட்டும் இவர்களிடம் சற்றுக் குறைவாகவே வேலை செய்கிறது.

அதற்குக் காரணம், இந்தக் கூட்டத்துக்குள்ளேயே வேறு சிலரும் கலந்திருப்பதுதான். மூக்கு வழியே மெல்லிய கம்பியை விட்டு 24 மணி நேரம் அமிலத்தை அளக்கும் சோதனை ஒன்று உண்டு. நாளில் 6 சதவீதத்துக்கு மேற்பட்ட நேரம் குழாயில் அமிலம் இருந்தால் நோய் உறுதி. 4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இயல்பு. அளவு இயல்பாக இருந்தும் ஒவ்வொரு துளிக்கும் துடிப்பவர்களுக்கு இருப்பது மிகை உணர்வு. அமிலத்துக்கும் எரிச்சலுக்கும் தொடர்பே இல்லாதவர்களும் உண்டு. நரம்புகள் வலியை உரக்கச் சொல்கின்றன, அவ்வளவுதான். இவர்களுக்கு அமில மாத்திரையை இரட்டிப்பாக்கிப் பயனில்லை. வலி உணர்வைத் தணிக்கும் மருந்துகளும், மூச்சுப் பயிற்சியும், "இது ஆபத்தில்லை" என்ற தெளிவான விளக்கமும்தான் உதவுகின்றன.

இரண்டாமவர் பாலக்காட்டுக் கணவாய் வழியே இரவு லாரி ஓட்டும் 45 வயது டிரைவர். முன்னால் தள்ளிய வயிறு, விரலிடுக்கில் பீடி. நள்ளிரவில் புரோட்டா, சால்னா. சில நாள் கூடவே மது. பிறகு வண்டியிலேயே படுக்கை. எண்டோஸ்கோப்பியில் இவருடைய குழாயின் அடிப்பகுதியில் சிவந்த கீறல்கள் தெரிகின்றன.

இது 'அரிப்புப் புண்' வகை. ஆண்கள், இடுப்பளவு பெருத்தவர்கள், புகைப்பவர்கள், மது அருந்துபவர்கள், ஹயாட்டஸ் ஹெர்னியா உள்ளவர்கள் இதில் அதிகம். இரவில் படுத்திருக்கும்போது அமிலம் நெடுநேரம் தங்குவது முக்கியக் காரணம். புண்ணின் கடுமையை லாஸ் ஏஞ்சலஸ் முறைப்படி ஏ, பி, சி, டி என்று நான்கு படிகளாகப் பிரிக்கிறார்கள். 5 மில்லிமீட்டருக்கு மிகாத கீறல் ஏ. குழாயின் சுற்றளவில் முக்கால் பங்கையோ அதற்கு மேலோ வளைத்துக்கொண்டால் டி. ஏ படியில் இருக்கும் சிறு கீறல் ஆரோக்கியமானவர்களிடமும் காணப்படும் என்பதால் அது தனியாக நோயை நிரூபிக்காது. இந்த வகையினருக்கு அமில மாத்திரை நன்றாகவே வேலை செய்யும். 8 வாரம் ஒழுங்காக எடுத்தால் பெரும்பாலோருக்குப் புண் ஆறிவிடுகிறது. பழக்கங்கள் மாறாவிட்டால் திரும்பி வருவதும் நிச்சயம்.

மூன்றாமவர் மூணாறில் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற 62 வயது மனிதர். 20 வருடம் நெஞ்செரிச்சலோடு வாழ்ந்தவர். கடந்த சில வருடங்களாக எரிச்சல் தானாகக் குறைந்துவிட்டது. "வயசானதும் சரியாப் போச்சு" என்று சந்தோஷப்படுகிறார்.

கவனிக்க வேண்டியவர் இவர்தான். பல்லாண்டுகள் அமிலத்தில் நனைந்த உணவுக்குழாய், தன் உட்சவ்வையே மாற்றிக்கொண்டு குடலின் உட்சவ்வைப் போல ஆகிவிடலாம். 1950ல் இதைப் பற்றி எழுதிய பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் நார்மன் பாரெட்டின் பெயரால் இது 'பாரெட் உணவுக்குழாய்' எனப்படுகிறது. புதிய சவ்வு அமிலத்தை அவ்வளவாக உணர்வதில்லை. அதனால் எரிச்சல் குறைகிறது. 50 வயதைத் தாண்டிய ஆண்கள், தொப்பை உள்ளவர்கள், புகைப்பவர்கள், நெடுங்கால எதுக்களிப்பு உள்ளவர்கள், குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். இதிலிருந்து ஒருவகைப் புற்றுநோய் கிளம்பலாம். பயப்பட வேண்டிய அளவு அல்ல: செல் மாற்றம் தொடங்காதவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஓரிருவர், அதிகம் போனால் மூவர். மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் பாரெட் குறைவு. ஆனாலும் இருப்பது தெரிந்தவர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி செய்து கண்காணித்துக்கொள்ள வேண்டும்.

இந்த மூன்று சித்திரங்களும் சட்டங்கள் அல்ல. ஒல்லியான பெண்ணுக்கும் கடுமையான அரிப்புப் புண் வரலாம். தொப்பை உள்ள டிரைவரின் குழாய் சுத்தமாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்றை இவை தெளிவாக்குகின்றன. எரிச்சலின் அளவை வைத்து ஆபத்தின் அளவைச் சொல்லிவிட முடியாது.

எத்தனை பேருக்கு?

இந்தியாவில் எத்தனை பேருக்கு எதுக்களிப்பு என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. 2011ல் வெளியான பல மையங்களின் கூட்டு ஆய்வு 3,224 பேரை விசாரித்து, 7.6 சதவீதத்தினருக்கு இருப்பதாகச் சொன்னது. 2016ல் வெளியான இன்னோர் ஆய்வு திருவனந்தபுரத்தின் நகர்ப்புறத்திலும் கிராமங்களிலும் 1,072 பேரை எடுத்துக்கொண்டது. அதில் கிடைத்த எண் 22.2 சதவீதம். நகரவாசிகள், உடல் எடை கூடியவர்கள், பான் மசாலா மெல்பவர்கள் ஆகியோரிடம் அதிகமாக இருந்தது.

ஒரே நாட்டில் ஏன் இந்த மூன்று மடங்கு வித்தியாசம்? யாரிடம் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள், வாரத்துக்கு எத்தனை முறை வந்தால் நோய் என்று வைத்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் எண்ணை மாற்றும். கேள்வித்தாளில் உள்ள சொல் மக்களின் சொல்லோடு பொருந்தாவிட்டாலும் எண் மாறும். 'நெஞ்செரிச்சல் உண்டா?' என்று கேட்டால் இல்லை என்பவர், 'சாப்பிட்ட பிறகு நெஞ்சுக்கு நடுவில் எரிந்துகொண்டு மேலே வருகிறதா?' என்றால் ஆமாம் என்பார். எல்லைப்பகுதியில் தமிழில் சொல்லும் நோயாளியும் மலையாளத்தில் கேட்கும் டாக்டரும் சந்திக்கும்போது இந்த எச்சரிக்கை இன்னும் அவசியம். கையை வைத்துக் காட்டுவது பல சமயம் வார்த்தையைவிட நம்பகமானது. மேல்வயிற்றில் கை வைப்பவரின் நோயும், நெஞ்செலும்பின் மேல் கீழிருந்து மேலாகக் கையை இழுப்பவரின் நோயும் பெரும்பாலும் வேறு வேறு.

கடை மாத்திரையின் கணக்கு

1988ல் ஓமெப்ரசோல் சந்தைக்கு வந்தபோது அது அமில நோய்களின் சரித்திரத்தையே மாற்றியது. பான்டோப்ரசோல், ரபெப்ரசோல் எல்லாம் அதன் உறவினர்கள். அமிலம் சுரக்கும் 'பம்பு'களை நேராக முடக்குபவை. ஆனால் பம்பு வேலை செய்யும் நேரத்தில்தான் மருந்து அதைப் பிடிக்க முடியும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பு சாப்பிட வேண்டும். எரிந்த பிறகு, சாப்பிட்ட பிறகு, நினைத்த நாளில் விழுங்குபவர்களுக்குப் பாதிப் பயன்தான். விடிவதற்குமுன் வெறும் டீயோடு கிளம்பிப் பத்து மணிக்குச் சாப்பிடும் தொழிலாளிக்கு, 'காலையில் ஒன்று' என்ற சீட்டு போதாது. எந்தச் சாப்பாட்டுக்கு முன் என்று அவரிடம் சொல்ல வேண்டும்.

தேவையில்லாமல் பழகிவிட்டால் விடுவதும் கடினம். டென்மார்க்கில் 2009ல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. எந்த வயிற்றுக் கோளாறும் இல்லாத 120 பேரில் பாதிப் பேருக்கு 8 வாரம் இந்த வகை மாத்திரையையும், மற்றவர்களுக்குப் போலி மாத்திரையையும் கொடுத்தார்கள். நிறுத்திய பிறகு, உண்மையான மாத்திரை சாப்பிட்டவர்களில் 44 சதவீதத்தினருக்கு அமிலத் தொல்லை வந்தது. போலி மாத்திரைக்காரர்களில் 15 சதவீதம்தான். அடக்கி வைத்த அமிலம் வட்டியோடு திரும்புகிறது. அதை நோய் என்று நினைத்து மறுபடி மாத்திரை. இப்படித்தான் சிலருக்கு 'வாழ்நாள் மருந்து' உருவாகிறது. நிறுத்தும்போது டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைப்பது நல்லது. பாரெட் உள்ளவர்களும் கடுமையான புண் இருந்தவர்களும் தாங்களாக நிறுத்தவே கூடாது. அவர்களுக்கு நீண்டகால மருந்து அவசியம்.

இன்னொரு பழக்கம் இதைவிட மோசம். இடுப்பு வலிக்கு ஒரு வலி மாத்திரை, அது வயிற்றைக் கெடுக்காமலிருக்க ஒரு கேஸ் மாத்திரை என்று இரண்டையும் சேர்த்துக் கடையில் வாங்குவது. வலி நிவாரணி மாத்திரைகள் இரைப்பையிலும் சிறுகுடலிலும் புண்ணை உண்டாக்கி ரத்தம் கசியச் செய்யக் கூடியவை. கசிவு மெதுவாக இருந்தால் வயிறு காட்டிக்கொடுக்காது. மூச்சு வாங்குவதும் களைப்பும் வெளிறிய கண்ணிமையும்தான் காட்டிக்கொடுக்கும். தோட்டத் தொழிலாளிப் பெண்களுக்கு ரத்தசோகை சகஜம் என்று ஒதுக்கப்படும்போது இந்தக் காரணம் தப்பிவிடுகிறது.

டீயும் வெற்றிலையும்

தேயிலை மலையில் டீயைக் குற்றம் சொல்வது சங்கடமான விஷயம். சிலருக்கு வெறும் வயிற்று டீ எரிச்சலைக் கூட்டும். பலருக்குக் கூட்டுவதில்லை. தனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துக்கொள்வதே வழி. டீயைவிட முக்கியம் அதன் சூடு. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016ல் வகைப்படுத்தியது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். இந்தியாவில் உணவுக்குழாய்ப் புற்றுநோயில் பெரும்பகுதி எதுக்களிப்பால் வருவதல்ல. புகையிலை, பாக்கு, மது ஆகியவற்றோடு தொடர்புள்ள வேறு வகை அது. அமில மாத்திரை அதைத் தடுக்காது. வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொண்டு, எரிச்சலுக்கு ஜெலுசில் குடிப்பவர் தவறான எதிரியோடு சண்டை போடுகிறார்.

எப்போது ஓட வேண்டும்?

சில அறிகுறிகள் இருந்தால் மருந்துக் கடையைத் தாண்டிப் போயாக வேண்டும். விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், தொடரும் வாந்தி, ரத்தசோகை ஆகியவை அவை. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும் என்பதால் டாக்டரிடம் அதையும் சொல்ல வேண்டும். நடுவயதைத் தாண்டியபின் முதல்முறையாகத் தொடங்கும் எரிச்சலுக்கும் பரிசோதனை தேவை.

எல்லாவற்றுக்கும் மேலாக மாரடைப்பு. நெஞ்சில் பாரம், வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மேடேறும்போது அதிகரிக்கும் இறுக்கம் இருந்தால், அது கேஸ் இல்லை என்று நிரூபிக்கப்படும்வரை இதயம்தான். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலி தெளிவில்லாமல், வெறும் அஜீரணம் போலவும் வரலாம். மலையில் ஆஸ்பத்திரி தூரம். சோடா குடித்துப் பார்த்துக் கழிக்கும் அரை மணி நேரம் உயிரின் விலையாகலாம்.

எல்லைக்கு இரண்டு பக்கமும் வைத்தியம் பார்ப்பவர்களுக்கு ஓர் எளிய யோசனை. பாலக்காட்டுக்காரர் கோயம்புத்தூரிலும், இடுக்கிக்காரர் தேனியிலோ கோட்டயத்திலோ மதுரையிலோ எண்டோஸ்கோப்பி எடுத்திருப்பார். ஆவணங்கள் பல சமயம் மாநிலத்தோடு நின்றுவிடுகின்றன. அறிக்கையை நோயாளிதான் பத்திரப்படுத்த வேண்டும். அதில் உள்ள ஒரு எழுத்து, ஏவா டியா என்பது, அடுத்த டாக்டரின் முடிவையே மாற்றும். தகரப் பெட்டியில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் அதற்கும் ஓர் இடம் வேண்டும்.

செலவில்லாத வைத்தியமும் உண்டு. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே 3 மணி நேர இடைவெளி. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் அரை அடி உயரத்துக்குக் கட்டை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது. தொப்பை இருந்தால் எடையைக் குறைப்பது. பீடியை விடுவது. இவை டிரைவருக்கு உடனே பலன் தரும். ஏலத் தோட்டப் பெண்ணுக்கு வேறொன்று வேண்டும்: மதியம் சாப்பிட்டபின் குனியாமல் இருக்க அரை மணி நேரம். அதை எந்த மருந்துக் கடையும் விற்பதில்லை. கங்காணியும் முதலாளியும்தான் தர முடியும்.

அதுவரை, கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கிழிக்குமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். இது எந்த எரிச்சல்?